ஐந்து டாக்டர்களுக்குப் பிறகு மானாம்பதி

“ஏங்க்கா, எனக்குக் கீறது ஒரு நோவா, அஞ்சு நோவா?” என்று என் தங்கை வசந்தா ஒரு நாள் கேட்டாள். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வகுப்பில் எந்தக் கேள்விக்கும் ஏதாவது ஓர் உதாரணம் சொல்லிச் சமாளித்துவிடுவேன். இதற்கு அவளுடைய மருந்துச் சீட்டுகளை எடுத்து எண்ண ஆரம்பித்தேன்.

நான்கு வருடமாக அவளுக்கு உடம்பு சரியில்லை. முட்டி வலிக்கு எலும்பு டாக்டர், முடி கொட்டுவதற்குத் தோல் டாக்டர், வயிற்றுக்கு ஒருவர், தைராய்டுக்கு ஒருவர், ரத்த சோகைக்கு எங்கள் தெரு டாக்டர். யாரையும் குறை சொல்ல மாட்டேன். பள்ளியில் கணக்கு வாத்தியார் ஒரு மணி நேரத்துக்கு வீட்டுப்பாடம் கொடுப்பார், தமிழம்மா ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பார், நானும் கொடுப்பேன். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயம்தான். பிள்ளை எப்போது தூங்கும் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

வசந்தாவுக்கு நாற்பத்தெட்டு வயது. செங்கல்பட்டில் அரசு அலுவலகத்தில் வேலை, இருக்கை மாடியில். படி ஏறி நாற்காலியில் உட்காரும்போதே அன்றைய தெம்பு தீர்ந்துவிடுகிறது என்பாள். விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பெண்ணுக்கு நர்சிங் படிப்பு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. “ஒரே ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு எழுதிக் கொடு” என்று கெஞ்சி, சென்ற மாசி மாதம் ஒரு சனிக்கிழமை அவளைக் கிளப்பினேன்.

உத்திரமேரூரைத் தாண்டி மானாம்பதியில், தம் அப்பாவின் வீட்டிலேயே ஓர் அம்மையார் நோயாளிகளைப் பார்க்கிறார். எம்.பி.பி.எஸ். படித்த ஆங்கில மருத்துவர்தான். ஒரு நாளைக்குச் சிலரை மட்டும் பார்ப்பார். போனில் கேட்டபோது, “வாய் வழியா உள்ள போற எல்லா மாத்திரையும் அட்டையோட கொண்டாங்க” என்றார்.

காலை 6.40க்குச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். உத்திரமேரூர் சுமார் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே மணல்தான் இருந்தது. புக்கத்துறைக் கூட்ரோட்டில் பஸ் திரும்பியபோது வசந்தா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இரவு முழுக்கத் தூங்கி எழுந்தவள் மாதிரியே இல்லை. தோள் மரத்துப் போயிற்று, எழுப்பவில்லை.

உத்திரமேரூர் ஸ்டாண்டுக்கு எதிரே நாஷ்டா செய்தோம். மானாம்பதிக்கு டவுன் பஸ் உண்டு, பத்து ரூபாய்க்குள் போய்விடலாம். அவளால் நிற்க முடியாததால் ஆட்டோ பிடித்தோம். நூறு ரூபாய்.

“கல்வெட்டு பாக்க வந்தீங்களாம்மா?” என்றார் ஆட்டோக்காரர். உத்திரமேரூர்க் கோவிலில் குடவோலைத் தேர்தல் பற்றிய சோழர் காலக் கல்வெட்டு இருப்பதால், வெளியூர்க்காரர்களை அவர் அப்படித்தான் கேட்பாராம்.

“இல்லப்பா, டாக்டரம்மாவைப் பார்க்க.”

“கேள்வி கேப்பாங்களே, அவங்களா? எங்க மாமியாரை இட்டுனு போனேன். ஒரு மணி நேரம் பேசிச்சு. பேசினதுலயே பாதி நோவு பூட்ச்சு.”

“மீதிப் பாதி?” என்றாள் வசந்தா.

“அத்ததான் மாமியார்னு வூட்ல வெச்சினு கீறேன்.”

அந்த வாரத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

டாக்டரம்மா நாடி பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, “கடைசியா எப்போ நல்லா இருந்தீங்க?” என்றார்.

வசந்தா விரல் விட்டு எண்ணினாள். “மாமியார் படுக்கையில வுழறதுக்கு முன்னாடி.”

“ராத்திரி யார் பாத்துக்கறது?”

“நான்தான். மூணு தடவ எழுந்து திருப்பிப் படுக்க வைக்கணும். இல்லன்னா முதுகு புண்ணாயிடும்.”

நான்கு வருடமாக அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருப்பவள் நான். எனக்கே இது தெரியாது.

“சரி. காலையில எழுந்ததுலேர்ந்து சொல்லுங்க.”

“குளிப்பேன். காபி குடிப்பேன். காபியோட மாத்திரை. அப்புறம் விளக்கேத்திடுவேன்.”

“எந்த மாத்திரை?”

“எல்லாந்தான். அஞ்சு டாக்டருமே காலையில ஒண்ணுன்னுதான் எழுதினாங்க. தைராய்டு, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வயித்துக்கு, முடிக்கு. ஒரே வாயா போட்டு முழுங்கிடுவேன்.”

“ஏன் அப்படி?”

“செவ்வா, வெள்ளி விரதம். விளக்கேத்திட்டா மத்தியானம் வரைக்கும் பல்லுல தண்ணி படக்கூடாது. ரெண்டு நாளைக்கு ஒரு கணக்கு, மத்த நாளைக்கு ஒரு கணக்குன்னா மறந்துடும். அதான் தினமும் இப்படியே.”

டாக்டரம்மா கோபப்படவில்லை. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு தனியாகப் போக வேண்டும், காபியும் இரும்பும் சுண்ணாம்பும் கூடவே போனால் அதில் பெரும்பகுதி உடம்பில் ஏறாது என்று விளக்கினார். ஏறாததால் அளவை ஒவ்வொரு முறையும் கூட்டியிருக்கிறார்கள். களைப்பும் முடி கொட்டலும் மலச்சிக்கலும் தைராய்டு குறைவாலேயே வரக்கூடியவை.

“உங்க விரதத்த நான் தொடல,” என்றார். “குளிக்கறதுக்கு முன்னாடி தைராய்டு மட்டும், தண்ணியில. காபி ஒரு மணி நேரம் கழிச்சு, அதுக்கப்புறம் விளக்கேத்துங்க. இரும்பு மத்தியானச் சோத்துக்கு அப்புறம். சுண்ணாம்பு ராத்திரி. மத்த ரெண்டும் வேணுமான்னு அப்புறம் பாக்கலாம். எதையும் நீங்களா நிறுத்தாதீங்க. ஆறு வாரத்துல ரத்தம் பாத்து உங்க தைராய்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரை ஒழுங்கா ஏற ஆரம்பிச்சா இந்த அளவு உங்களுக்கு அதிகமாயிடலாம். நெஞ்சு படபடத்தா ஆறு வாரம் காத்திருக்காதீங்க.”

“முட்டி?”

“முட்டி தேஞ்சிருக்கு. அது திரும்பி வராது. ராத்திரி எழுந்திருக்கறதுக்கும் எங்கிட்ட மாத்திரை இல்ல. அதுக்கு வீட்டுக்காரர்தான் மருந்து.”

நோயின் பெயரை மட்டும் பார்க்காமல், சாப்பாடு, தூக்கம், மனக்கவலை, வீடு எல்லாவற்றையும் சேர்த்து உடம்பு எங்கே தடுமாறுகிறது என்று தேடும் இந்த முறைக்கு வெளிநாட்டில் ஃபங்ஷனல் மெடிசின் என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். அதே பெயரில் விலை உயர்ந்த பொடி விற்பவர்களும் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மாவே சொன்னார். அவர் எதையும் விற்கவில்லை. வாங்கிய கட்டணம் நூறு ரூபாய்.

மானாம்பதி நிறுத்தத்தில் உச்சி வெயிலில் முக்கால் மணி நேரம் பஸ் வரவில்லை. வசந்தா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

“காபியாக்கா? நாலு வருஷம் அந்தப் படிய ஏறினது இந்தக் காபியோடவா?”

“காபி மட்டும் இல்லடி.”

“நீ சும்மா இரு. உதாரணம் எதுவும் சொல்லாத.”

பையில் இருந்த தண்ணீரைக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, மீதியில் முகத்தைக் கழுவிக்கொண்டாள். பஸ் வந்தது. உட்கார இடம் கிடைத்ததும் சொன்னாள்: “மெடிக்கல் லீவு ஆறு வாரம் போடறேன். விருப்ப ஓய்வு எழுதறத அப்பால பாக்கலாம்.” உத்திரமேரூரில் மாறி, வீடு வந்து சேர மாலை நான்கரை ஆகிவிட்டது. அன்று இருவருமே சமைக்கவில்லை.

ஆறு வாரம் கழித்து ரத்தத்தில் தைராய்டு கிட்டத்தட்டச் சரியான அளவுக்கு வந்திருந்தது. சில மாதங்களில் அவளுடைய பழைய டாக்டரே மாத்திரையின் அளவைக் குறைத்தார். வசந்தாவின் கணவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள், முணுமுணுத்துக்கொண்டேதான், இரவில் எழுந்து தம் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கிறார். வசந்தா வேலைக்குத் திரும்பிவிட்டாள். கீழ்த்தளத்தில் இருக்கை கேட்டிருக்கிறாள், இன்னும் கிடைக்கவில்லை. படி ஏறுகிறாள். நடுவில் ஒரு முறை நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி ஏறுகிறாள். சாயங்காலம் களைப்பு இருக்கத்தான் செய்கிறது. நான்கு வருடக் களைப்பு ஒரு பஸ் பயணத்தில் போய்விடும் என்று எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். போனில் கேட்டுக்கொண்டு போங்கள். முதல் பஸ்ஸில் கிளம்புங்கள், மதியத்துக்கு மேல் மானாம்பதியிலிருந்து பஸ் குறைவு. குடையும் தண்ணீரும் வேண்டும். நோயாளியைத் தனியாக அனுப்பாதீர்கள். எந்த மருத்துவர் எடுத்த எடுப்பில் பழைய மாத்திரைகளையெல்லாம் தூக்கிப் போடச் சொல்கிறாரோ, அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லோரும் மானாம்பதிக்குப் போக வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் வீட்டில் தினமும் மாத்திரை போடுகிறவர் பக்கத்தில் நாளைக் காலை போய் உட்கார்ந்து, எதை, எப்போது, எதோடு விழுங்குகிறார் என்று பாருங்கள்.