சேப்பாக்கத்துக்கு இரண்டு டிக்கெட்

இருபத்தாறு வருடமாகக் காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறேன். எடுத்துவிட்டு வருத்தப்பட்டதும் நிறைய உண்டு. மேலே பளபளவென்று அடுக்கிவிட்டு அடியில் நசுங்கின சங்கரா மீனைத் தள்ளிவிட்ட கூடைகளைக் கவிழ்த்துப் பார்க்கும்போது வயிறு எரியும். ஆனால் அந்த எரிச்சல் அன்று சாயங்காலத்துக்குள் அடங்கிவிடும். அடங்காமல் கிடப்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக் கல்யாண மண்டபத்தில் நான் ஏலம் எடுத்த இரண்டு கிரிக்கெட் டிக்கெட்.

எனக்குக் கிரிக்கெட் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. என் மகள் ஆடுவது கால்பந்து, எம்.கே.பி. நகரில் உள்ள ஒரு பெண்கள் அணியில். அந்தப் பிள்ளைகள் வெளிமாநிலத்துக்கு ஆடப் போக வேண்டும். ரயில் செலவுக்கும் பூட்ஸுக்கும் பணம் சேர்க்கத்தான் அந்த ஏலம். அணியின் செயலாளர் ரிட்டயர் ஆன பி.டி. மாஸ்டர். பெற்றவர்கள் ஒவ்வொருவரிடமும் வந்து, “நீங்க ஒண்ணும் வாங்க வாணாம், வந்து குந்திக்கினா போதும், கூட்டம் நெறைஞ்சாப்புல இருக்கும்” என்றார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மண்டபத்தில் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். என்னுடையதில் பதினேழு என்று எழுதியிருந்தது. விலை கேட்பவர்கள் அட்டையைத் தூக்க வேண்டுமாம், வாயைத் திறக்கக் கூடாதாம். ஏலத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். மேடையில் மைக் பிடித்திருந்தது ஒரு கல்லூரிப் பெண். நல்ல பிள்ளை, சிரித்த முகம், ஆனால் விலை ஏறும்போது ஒவ்வொரு தடவையும் “வாவ்” என்றது. எங்கள் இடத்தில் ஏலம் விடுபவர் அப்படிச் சொன்னால் கூடையை அவர் தலையில் கவிழ்ப்போம்.

முதலில் ஒரு கிரிக்கெட் மட்டை வந்தது. அதில் ஏதோ பெரிய ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். டாக்டர் எழுதின மருந்துச் சீட்டு மாதிரி ஒரு கிறுக்கல். அதை ராயபுரத்தில் கப்பல் சரக்கு கிளியரிங் செய்யும் ஒருவர் எடுத்தார். அப்புறம் ஒரு கால்பந்து, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். அதற்கெல்லாம் நான் கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் வந்ததுதான் அந்த டிக்கெட். ஏதோ ஒரு கம்பெனிக்காரர் அணிக்காகக் கொடுத்தது: குளிர்ந்த அறையில் சாப்பாடு, நிழலில் சோபா மாதிரி இருக்கை, தலைக்குத் தொப்பி, எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு. விற்கிற இடத்தில் வாங்கப் போனால் ஏலத்தின் ஆரம்ப விலையைப்போல நாலு மடங்கு ஆகும் என்று மைக்கில் அந்தப் பெண் சொன்னது.

ஐயாயிரத்தில் ஆரம்பித்தது. கிளியரிங்காரரும், பின்வரிசையில் முப்பத்தொன்றாம் அட்டை வைத்திருந்தவரும் மாறி மாறிக் கேட்டார்கள். எட்டரை ஆயிரத்தில் கிளியரிங்காரர் நிறுத்திக்கொண்டார். முப்பத்தொன்று ஒன்பதாயிரம் என்றது. அந்தப் பெண் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில் எங்கள் துறைமுகப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கஷ்டப்பட்ட படகுக்காரனின் மீன் அடிமாட்டு விலைக்குப் போகிறது என்றால், கூட்டத்தில் இருக்கும் எங்களில் யாராவது ஒருத்தி சும்மா ஒரு விலை கேட்டு ஏற்றிவிடுவோம். வாங்குவதற்காக இல்லை. எதிராளி மேலே போனதும் இன்னொரு தட்டுத் தட்டுவோம். போதும் என்று தோன்றினால் முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வோம். அதைப் பார்த்ததும் ஏலம் விடுபவர் எங்கள் கடைசி விலையை விட்டுவிட்டு எதிராளியின் விலைக்கே முடித்துவிடுவார். இன்னொன்று, எதிராளியைத் திரும்பிப் பார்க்கவே கூடாது. பார்த்தால் நம் மனசு முகத்தில் தெரிந்துவிடும். ஏலம் விடுபவரின் கண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பிள்ளைகளின் ரயில் செலவு, இருபதாயிரம் பெறுமானமுள்ள பொருள், ஒன்பதாயிரத்துக்கா? எனக்குப் பொறுக்கவில்லை. பின்வரிசையில் இருப்பது யாரோ கம்பெனி மேனேஜர், கொழுத்த பை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அட்டையைத் தூக்கினேன். பத்து. பின்னால் பதினொன்று. நான் பன்னிரண்டு. பின்னால் உடனே பதின்மூன்று வந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் குஷியாகிவிட்டது. கை தானாக மேலே போயிற்று. பதினாறு கேட்டேன், பின்னால் கொஞ்சம் தாமதமாகப் பதினேழு வந்தது. நான் பதினெட்டு என்று தூக்கிவிட்டு, போதும் என்று முந்தானையை இடுப்பில் செருகினேன். மேடையில் இருந்த பெண்ணின் கண்ணை நன்றாகப் பார்த்துக்கொண்டுதான் செருகினேன்.

அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? “பதினெட்டாயிரம், நம்பர் செவன்டீன், வாவ்” என்று சொல்லி மூன்று எண்ணி மேசையைத் தட்டிவிட்டது. மண்டபம் கை தட்டியது. பி.டி. மாஸ்டர் ஓடி வந்து என் கையில் டிக்கெட் உறையைக் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தில் நான் திருட்டு முழி முழித்துக்கொண்டு நிற்கிறேன். என் மகளுக்கு ஒரே பெருமை.

பின்பக்கம் டீ கொடுத்த இடத்தில்தான் முப்பத்தொன்று என்னைத் தேடி வந்தது. மேனேஜரும் இல்லை, கொழுத்த பையும் இல்லை. முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண், கழுத்தில் ஏதோ கம்பெனியின் காண்ட்ராக்ட் ஆள் அட்டை. ஷிஃப்ட் முடித்து நேரே வந்திருந்தாள். வீடு எண்ணூரில்.

“அக்கா, கோச்சிக்காதீங்க. அந்த ரெண்டுல ஒரு டிக்கெட்டு மட்டும் எனுக்குக் குடுப்பீங்களா? பாதி காசு குடுத்துர்றேன்.”

“யாருக்கும்மா?”

“எங்கப்பாக்கு.”

அப்பா அனல்மின் நிலையத்தில் முப்பது வருடம் நிலக்கரி பெல்ட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர். கிரிக்கெட் என்றால் உயிர். ரேடியோவில் கேட்டிருக்கிறார், டீக்கடை டி.வி.யில் பார்த்திருக்கிறார், ஒரு தடவை சேப்பாக்கம் மதில் வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். உள்ளே போனதில்லை. இப்போது கண்ணில் நீர் அழுத்தம். போன பார்வை திரும்பாது, இருக்கிறதும் இந்த வருடமோ அடுத்த வருடமோ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு ஆட்டமாவது உள்ளே உட்கார வைத்துக் காட்ட வேண்டும் என்று மூன்று வருடமாகப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள்.

“ஒம்போதாயிரம்தான்க்கா எடுத்தாந்தேன். அதுக்கு மேல வெறில கேட்டுட்டேன். நல்லவேளை நீங்க பதினெட்டு கேட்டீங்க, இல்லாட்டி நான் இன்னா பண்ணியிருப்பேன்னு எனுக்கே தெர்ல.”

நல்லவேளை என்கிறாள். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஒன்பதாயிரத்தில் எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்தியவள் நான். உறையை அப்படியே அவள் கையில் திணித்தேன். “நீ கேட்ட ஒம்போதுக்கே ரெண்டையும் எடுத்துக்கோ. மீதி என்னோட போவட்டும். தப்பு என்னுது” என்று துறைமுகத்துக் கதையைச் சொன்னேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். “அதெல்லாம் வாணாம்க்கா. பதினெட்டுக்குப் போன பொருளு. ஒம்போதுக்கு எடுத்தா ஓசி வாங்குனாப்பல ஆயிரும். எங்கப்பாக்குத் தெரிஞ்சா போவவே மாட்டாரு.”

நான் விடவில்லை. அவளும் விடவில்லை. என் பிடிவாதத்துக்கு ஈடாக ஒருத்தியை அன்றுதான் பார்த்தேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். “ஒண்ணு எங்கப்பாக்கு, ஒண்ணு உங்குளுது. அவரத் தனியா அனுப்ப முடியாது. படி எறங்கும்போது மட்டும் கையப் புட்ச்சிக்குங்க. அந்த ஒதவி போதும்க்கா.”

பி.டி. மாஸ்டரிடம் போய்ச் சண்டை போட்டுப் பார்த்தேன். “நான் விலகிட்டேன் சார், அந்தப் பொண்ணுக்குத்தான் விழுந்திருக்கணும்.” அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எப்பம்மா விலகுனீங்க?” என்றார். முந்தானையைக் காட்டினேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

மதிய ஆட்டம். பீச் ஸ்டேஷனில் எண்ணூர்ப் பெண் தன் அப்பாவைக் கொண்டுவந்து என் கையில் ஒப்படைத்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. “டி.வி.ல உங்க ரெண்டு பேரையும் தேடிக்கினே இருப்பேன்” என்று சொல்லிவிட்டு எண்ணூர் ரயிலுக்குத் திரும்பிப் போனாள். அவள் போன பிறகும் அவர் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளே போனதும் எனக்கே மூச்சு நின்றது. அவ்வளவு பச்சையை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. “இன்னா நைனா, ஷோக்கா கீதா?” என்றேன். “சூப்பரா கீதும்மா” என்றார். முழங்காலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்டம் கத்தும்போது அவரும் கை தட்டினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிந்தித் தட்டினார். வயசு என்று நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் இருக்கும். என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

“பந்து எந்தப் பக்கம் போவுதும்மா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நேரே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிட்டக்க ஆளு தெரியும். உன் மூஞ்சி தெரியிது. தூரத்துப் பார்வ போன தீவாளிக்கே பூட்ச்சிம்மா. இங்க ஒரே பச்சையா கீது, அவ்ளோதான்.”

“பொண்ணுக்குத் தெரியுமா நைனா?”

“தெரியாது. மூணு வருசமா அப்பாவ இட்டுனு போறேன், இட்டுனு போறேன்னு சொல்லிக்கினு கீறா. நீ இட்டுனு போறதுக்குள்ள பூட்ச்சின்னு எப்டிம்மா சொல்றது? நீ சொல்லிடாத.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, “செரி, நான் சொல்றேன், நீ கேட்டுக்கோ” என்றேன். எனக்கு ஆட்டமே தெரியாது. ஒல்லியா ஒருத்தன் ஓடியாறான், குட்டையா ஒருத்தன் குனிஞ்சிக்கினு நிக்கிறான், பந்து அந்த டவர் லைட்டு பக்கம் உருண்டுகினு போவுது, ரெண்டு பேரு தொரத்துறானுங்கோ என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொன்னேன். “எந்தக் காலு முன்னாடி வெச்சான்?” என்பார். சொன்னால், “அப்டின்னா கவர்ல அட்ச்சிக்கீறான், நாலு” என்பார். நாலுதான். முன்வரிசையில் இருந்த இளவட்டங்கள் திரும்பிப் பார்த்தார்கள். “இன்னாடா?” என்றேன், திரும்பிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குக்கூட உள்ளே போகவில்லை. ஒரு சிக்ஸர் எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் வந்து விழுந்தபோது அவர் கை சரியான நேரத்தில் தட்டியது. எனக்கு முன்னால் தட்டினார்.

நன்றாக இருட்டின பிறகு திரும்பினோம், பீச் ஸ்டேஷனில் அவர் மகள் நின்றிருந்தாள். அவர் அவளை விட்டாரா? ஒல்லியானவன், குட்டையானவன், டவர் லைட்டு பக்கம் உருண்ட பந்து, மூன்று வரிசை முன்னால் விழுந்த சிக்ஸர், எல்லாவற்றையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அவள் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் தண்ணீர் குடிக்கும்போது என் பக்கம் வந்து, “நல்லா தெரிஞ்சிதாக்கா அவருக்கு?” என்றாள்.

“நல்லா தெரிஞ்சிது” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

நான் அட்டையைத் தூக்காமல் இருந்திருந்தால் அந்த இருக்கையில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். அவர் அவளிடம் வாயைத் திறந்திருக்க மாட்டார், ஒன்றும் தெரியாமலே மூன்று மணி நேரம் கை தட்டியிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நிற்கவில்லை. கை பிந்தித் தட்டுவதை மகள் கண்டுபிடித்திருப்பாள். நான் வயசு என்று நினைத்தது அவளுக்கு அப்படித் தோன்றியிருக்காது. இரண்டு பேரும் அங்கேயே அழுது முடித்து, அப்புறம் ஆட்டத்தைப் பார்த்திருப்பார்கள். அவர்களுடைய அழுகையை நான் ஏலம் எடுத்துவிட்டேன்.

போன வாரம் அவளிடமிருந்து போன் வந்தது. பி.டி. மாஸ்டர் இந்த வருடமும் ஏலம் வைக்கிறாராம், அதே மாதிரி இரண்டு டிக்கெட் வருகிறதாம்.

“இந்த வாட்டி ரெண்டுக்கும் சேத்துட்டேன்க்கா. ஓவர்டைம் பாத்தேன். நானே இட்டுனு போறேன். அப்பா இன்னும் அந்த சிக்ஸர சொல்லிக்கினே கீறாரு. அவ்ளோ தூரத்துலயே நல்லா தெரிஞ்சிதுன்னா இந்த வருசமும் கண்ணு தாங்கும் இல்லக்கா?”

தாங்கும் என்றேன்.

“நீங்க மட்டும் கையத் தூக்கிடாதீங்க” என்று சிரித்தாள்.

தூக்க மாட்டேன் என்று சொன்னேன்.