வீக்கம் மேலே, சீழ் கீழே

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் டாக்டராக இருந்தேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காலில்தான் தொந்தரவு. உப்பளத்தில் வெறுங்காலோடு நிற்பவர்கள், சங்கு குளிப்பவர்கள், தோணியில் வேலை செய்பவர்கள்.

என்னோடு இன்னொரு டாக்டர் இருந்தார். என் வயதுதான். அறுவைப் பயிற்சியைப் பட்டணத்தில் பேர்போன பெரிய ஆஸ்பத்திரியில் முடித்தவர். நான் பயிற்சி பெற்றது உடைமரக் காட்டுக்குள் இருந்த ஒரு தொழுநோய் ஆஸ்பத்திரியில். அதைச் சொன்னால் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வரும். "அங்க என்ன கத்துக்க முடியும்? கட்டுப் போடத்தான?" என்பார். தனக்குப் பயிற்சி கொடுத்த தலைமை டாக்டரைப் பேச்சுக்குப் பேச்சு "எங்க சீஃப், எங்க சீஃப்" என்பார். சீஃப் கத்தி பிடிக்கிற அழகே தனியாம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிற்று.

ஒரு மழைக்காலத்தில் தோணி ஆசாரி ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பழைய பலகையைப் பிரிக்கும்போது ஆணியை மிதித்துவிட்டார். காய்ச்சல் கொதித்தது. புறங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. அன்று பார்த்தவர் அந்தப் பெரிய இடத்து டாக்டர். வீங்கிய இடத்திலேயே கீறினார். வெறும் நீர் கசிந்தது. பக்கத்தில் இன்னொரு கீறல் போட்டார். ரத்தம் வந்தது. சீழ் கட்டவில்லை, வெறும் வீக்கம்தான் என்று ஊசி போட்டுப் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்ததும் ஆசாரியின் மனைவி எழுந்து ஓடி வந்தாள்.

"டாக்டரம்மா, ராத்திரியெல்லாம் அலறுனாவ. வலி அடியிலதான் இருக்குன்னு இவிய சொன்னாவ. அந்த டாக்டர் காதுலயே வாங்கல."

உள்ளங்காலில் ஒரு விரலால் லேசாக அழுத்தினேன். மனுஷர் கட்டிலை விட்டே துள்ளினார். உள்ளங்கால் தோல் தடித்தது, வீங்க இடம் கொடுக்காது. சீழ் கீழே கட்டும், வீக்கம் மேலே காட்டும். தொழுநோய் ஆஸ்பத்திரியில் இது ஆரம்பப் பாடம். அங்கே வருகிற கால்களுக்கு வலியே தெரியாது. சூட்டையும் மெத்தென்று இருக்கிற இடத்தையும் நாங்களே விரலால் தேட வேண்டும். எங்கள் பெரிய டாக்டரம்மா பாசமானவர் ஒன்றும் இல்லை. தப்பாகப் போட்ட கட்டை அவிழ்த்துத் தரையில் வீசுவார். ஆனால் போன புதிதிலேயே கத்தியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

ஆசாரியின் உள்ளங்காலைத் திறந்தேன். சீழ் பீறிட்டு வந்தது. கால் பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒரு விரல் ஏற்கெனவே கறுத்துவிட்டது, எடுக்க வேண்டியதாயிற்று. முந்தின நாளே திறந்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்த டாக்டரிடம் கேட்டேன். "நீங்க உள்ளங்காலத் திறந்ததே இல்லையா?"

உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அப்புறம் சொன்னார். "நான் எதையுமே திறந்ததில்ல."

அங்கே கூட்டமாக நின்று சீஃபின் முதுகைப் பார்ப்பார்களாம். அதிர்ஷ்டம் இருந்தால் நோயாளியின் காலைப் பிடித்துக்கொள்ளலாம். சாயங்காலம் சீஃபின் சொந்த கிளினிக்கில் டோக்கன் கொடுக்க வேண்டும். அவர் மகளை வீணை வகுப்பிலிருந்து கூட்டிவர வேண்டும்.

"காரை மட்டும் எங்கிட்டதான் தருவாரு. வேற யாரையும் தொட விடமாட்டாரு" என்றார். அதைச் சொல்லும்போதும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. கத்தியைக் கொடுக்க மனமில்லாத மனிதர் கார்ச்சாவியைக் கொடுத்திருக்கிறார். இதற்குப் பெயர் பயிற்சி.

கொஞ்ச நாளில் அந்தச் சீஃபே ஊருக்கு வந்தார். டாக்டர்கள் கூட்டத்தில் இளம் டாக்டர்களை உருவாக்குவது பற்றிச் சொற்பொழிவு. நம்மவர் மாலையோடு முன்னால் போய் நின்றார்.

"நீ எந்த பேட்ச்ப்பா?"

"சார், உங்க காரை ஓட்டுவேனே..."

"ஆங், ஆமா" என்று சொல்லிவிட்டு மைக் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேசி முடித்ததும் நான் எழுந்து, "உங்க கிட்ட படிக்கிறவங்க சொந்தக் கையால அறுக்கிறாங்களா சார்?" என்று கேட்டேன்.

"நல்ல அறுவையைப் பக்கத்துல நின்னு பாத்தாலே போதும்மா. கை தானா வந்துரும்" என்றார். கைதட்டினார்கள். நான் விருந்துக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.

நம்மவர் சில நாள் என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு உப்பளத்திலிருந்து ஒரு பெண் வீங்கிய காலோடு வந்தாள். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் பக்கத்துல நில்லுங்க."

நின்றேன். "எங்கனம்மா வலிக்கு?" என்று அவளிடம் கேட்டு, காட்டிய இடத்தில் விரல் வைத்துப் பார்த்தார். கத்தியை எடுத்தார். சரியான இடத்தில்தான் கீறினார்.

அவர்மேல் எனக்கிருந்த இளக்காரம் அன்றோடு போயிற்று. அந்தச் சீஃப்மேல் இருப்பது இன்னும் போகவில்லை. போக்கிக்கொள்ள எனக்கு ஆசையும் இல்லை.