நாற்பது மூச்சு

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நல்லகாமன் என்பவர் இருந்தார். கிணற்றில் வெடி வைப்பவர். பாறை தட்டிய கிணற்றுக்குள் இறங்கிக் குழியில் தோட்டா வைத்து, திரியைப் பற்றவைத்துவிட்டு ஏறி வருவதுதான் இருபத்திரண்டு வருடமாக அவருடைய தொழில். திரி எரிகிற நேரத்தை அவர் தம் மூச்சை எண்ணி அளந்தார். அந்த மூச்சை நான் மாற்றினேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன்.

அது எண்பத்து மூன்றாம் வருடத்துக் கோடை. மேற்கே உசிலம்பட்டி, எழுமலைப் பக்கம் கிணறுகளெல்லாம் அடிவற்றிக் கிடந்தன. இன்னும் பத்தடி போனால் தண்ணீர் என்று ஆளாளுக்குப் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நல்லகாமனுக்கு ஓயாத வேலை. ஆனால் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

முந்தின வருடம் அவருடைய கூட்டாளி பேயாண்டி கிணற்றுக் கரையில் நின்று, மேலே ஏறி வரும் இவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். இவர் ஓடி மறைந்தார். பேயாண்டி வேட்டியைச் சரிசெய்ய ஒரு கணம் நின்றார். தேங்காய் அளவுக் கல் ஒன்று போதுமானதாக இருந்தது. அன்று முதல், தாம் உள்ளே இறங்கிவிட்டால் கரையில் யாரும் நிற்கக் கூடாது என்று நல்லகாமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று முதல்தான் கையும் நடுங்கியது.

ஆறு வருடம் வடக்கே அலைந்துவிட்டு நான் ஊர் திரும்பியிருந்த நேரம். எங்கள் மொட்டை மாடியில் காலை ஆறு மணிக்கு நாலைந்து பேருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்தது அவர் மனைவி இருளாயி.

"டீச்சரு, இவரு டீ கிளாசப் புடிச்சா பாதி தரைக்குத்தேன் போகுது. இந்தக் கையி தோட்டாவையும் புடிக்கிது. ஊசி போட்டும் பாத்தாச்சு. நீங்க ஏதாச்சும் பண்ணுங்க."

"ஏண்டி, தலைகீழா நிக்கச் சொல்லுவாகளோ?" என்றார் அவர்.

தலைகீழாக நிற்க வேண்டாம், செய்கிற வேலைக்குள் முழுக்க இருந்தால் போதும் என்றேன். காய் நறுக்கும்போது கத்தியில் இருப்பது, பஸ்ஸுக்கு நிற்கும்போது பாதத்தில் இருப்பது. தல்லாகுளத்தில் கோர்ட்டு டைப்பிஸ்டாக இருந்த பிலோமினாள் என் மாணவிகளில் ஒருத்தி. "நான் கண்ண மூடி மூச்ச இழுக்கவும் எங்க ஹெட்கிளார்க்கு பயந்துட்டாரு அண்ணே. அன்னைக்கி ஃபைலே தரல" என்று நல்லகாமனைச் சிரிக்க வைத்தாள்.

முதல் நாள் மூச்சைக் கவனிக்கச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இதத்தானே தாயி இம்புட்டு வருசமா பண்றேன்."

அப்போதுதான் சொன்னார். ஒரு அடித் திரி எரிய அவருக்குப் பத்து மூச்சு. நாலடித் திரி என்றால் நாற்பது. முதல் திரியில் பீடியை வைத்ததும் எண்ணத் தொடங்குவார். முப்பதாவது மூச்சில் கரைக்கு வந்துவிட வேண்டும். மிச்சம் பத்தும் ஓடி மறைய.

"கடிகாரம் கட்டிக்கக் கூடாதாண்ணே?"

"ரெண்டு கையும் படிக்கல்லுல இருக்கும். கடிகாரத்தப் பாத்தா காலு வழுக்கும். மூச்சு எங்கிட்டுப் போனாலும் கூடவே வருதுல்ல?"

எத்தனையோ மடங்களில் மூச்சைக் கவனிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் எண்ணிக்கை தவறினால் சாகப்போகிறவர்கள் அல்ல. நீங்கள் ஏற்கெனவே பாதி யோகி என்று அவரிடம் சொன்னேன். மீதிப் பாதிக்காக, நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடச் சொல்லிக்கொடுத்தேன்.

அவர் அளவுக்கு உழைத்தவர் யாருமில்லை. பஸ்ஸில் பழகினார். சாப்பிடும்போது பழகினார். சம்மட்டி அடிக்கும்போதும் பழகினார். ஐந்து வாரத்தில் கை நடுக்கம் நின்றுவிட்டது. ஒருநாள் விளிம்புவரை நிறைந்த டீ கிளாசை மாடிப்படியில் சிந்தாமல் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். இருளாயி கீழேயிருந்து கும்பிட்டாள்.

"கீழ எறங்குனா இப்ப பயமே இல்ல டீச்சர். நம்ம வீட்டுக் கூடத்துல இருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, திரி வாங்குகிற கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தார். "மட்டமான திரியக் குடுத்துருக்கான் களவாணிப்பய. நாப்பதுக்கு வெடிக்க வேண்டியது முப்பத்தஞ்சுல வெடிக்கிது. போன வாரம் முப்பதுலயே வெடிச்சிருச்சு. நல்லவேளை, நான் ரெண்டு எட்டு முன்னாடி வந்துட்டேன். வேற கடையில புதுச் சுருள் வாங்கியாச்சு. நாளைக்கி எழுமலையில விருமாண்டி கிணறு, எட்டுக் குழி. இனிமே பழையபடி நாப்பதுதேன்."

நான் தலையாட்டினேன். அன்று பகல் முழுவதும் அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

மறுநாள் காலை பிலோமினாளின் மூச்சைக் கைக்கடிகாரம் வைத்து எண்ணினேன். முன்பு நிமிடத்துக்குப் பதினெட்டு. இப்போது பதினொன்று. "பாத்தீங்களா டீச்சர், அதே ஒரு நிமிசத்துல எம்புட்டுக் கொறஞ்சிருச்சு!" என்று அவள் கைதட்டினாள்.

அதே ஒரு நிமிடம். திரி வேகமாக எரியவில்லை. அவருடைய மூச்சுதான் நீண்டுவிட்டது. பயந்த மனிதனின் மூச்சு ஓடும். அவன் எண்ணிக்கையும் முந்தி ஓடும். அந்தப் பயம்தான் அவரை இருபத்திரண்டு வருடம் சீக்கிரமாகவே கரையேற்றியிருக்கிறது. இன்று புதுத் திரியை நம்பி, அமைதியாக, நாற்பதுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்கப் போகிறார்.

உசிலம்பட்டி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். அங்கே எழுமலை பஸ் முக்கால் மணி நேரம் கிளம்பவில்லை. டிரைவர் பரோட்டா தின்றுகொண்டிருந்தார். எழுமலையிலிருந்து வெயிலில் ஒன்றரை மைல் நடை. தூரத்தில் மோட்டார் ரூம் மேல் வெடி எச்சரிக்கைக்குச் சிவப்புத் துணி கட்டியிருந்தது. ஓடினேன்.

அவர் இன்னும் திரிக்கு நெருப்பு வைக்கவில்லை. எட்டுக் குழியிலும் தோட்டா வைத்து, களிமண்ணால் குழிவாயை இறுகக் கிட்டித்து, திரியைத் தொங்கவிட்டு, பீடி பற்றவைக்க மேலே வந்திருந்தார். கூடவே இருளாயியின் தம்பி கருத்தக்கண்ணன்.

"என்ன டீச்சரு, இங்கயும் வகுப்பா?"

திரியில் குறை இல்லை, உங்கள் மூச்சுதான் நீண்டுவிட்டது என்று இரைக்க இரைக்கச் சொன்னேன். அவர் சிரித்தார். கருத்தக்கண்ணனும் சிரித்தான். "மாமா மூச்சு மேல பழியா? கடைக்காரன் உங்களுக்குச் சொந்தமா டீச்சர்?"

பழைய சுருளில் ஒரு அடி, புதுச் சுருளில் ஒரு அடி வெட்டித் தரச் சொன்னேன். தரையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் பற்றவைத்தார்கள். புகை சீறிக்கொண்டு நகர்ந்தது. அவர் குந்தி உட்கார்ந்து, உதடு அசைய எண்ணினார். இரண்டும் ஒரே கணத்தில் முடிந்தன.

"எத்தனைண்ணே?"

அவர் கருகிய இரண்டு திரிகளையும் விரலால் புரட்டினார். "ஆறு" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"திரிய நீளமா மாத்திக்கலாமே?"

"கிட்டிச்சாச்சு. இப்ப உருவுனா அங்கனயே முடிஞ்சது."

"மாமா, நான் கரையில நின்னு சத்தம் குடுக்குறேன்" என்றான் கருத்தக்கண்ணன்.

"நிப்ப. பேயாண்டியும் நின்னான்." எழுந்தார். "தாயி, பழைய மூச்ச எப்படி விடுறது? அதச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை.

"இப்ப ஆறு. கீழ போனா எத்தனைன்னு யாருக்குத் தெரியும்?" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பீடியை வாய்க்குக் கொண்டுபோனபோது அது ஆடியது. ஒரு வாரமாக ஆடாமல் இருந்த கை. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பிறகு எங்களை மோட்டார் ரூமுக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

ஐம்பதடி ஆழம். மோட்டார் ரூமுக்குப் பின்னாலிருந்து நாங்கள் கத்தினாலும் உள்ளே கேட்காது. கிணற்றுக்குள்ளிருந்து லேசாகப் புகை எழும்பியதும் நான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். முப்பது நொடி. நாற்பத்தைந்து. கருத்தக்கண்ணன் என் தோளுக்கு மேல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது. எழுபது. ஒரு காகம் கிணற்று விளிம்பில் வந்து உட்கார்ந்து உள்ளே பார்த்துவிட்டுப் பறந்தது. எண்பத்தைந்தில் அவருடைய தலை தெரிந்தது. முழங்காலால் ஊன்றி, தவழ்ந்து, எழுந்து ஓடி வந்து எங்கள்மேல் விழுந்தார். நெஞ்சு நாய்க்கு இரைப்பதுபோல் இரைத்தது.

முதல் வெடி. தரை உதறியது. எல்லோரும் விரலை மடக்கினோம். இரண்டு. மூன்று, நான்கு. கற்கள் மோட்டார் ரூம் கூரையில் விழுந்தன. ஐந்து. ஆறு. ஏழு.

காத்திருந்தோம்.

"ரெண்டு ஒண்ணா வெடிச்சிருக்கும் மாமா" என்றான் கருத்தக்கண்ணன்.

"இல்ல."

"எட்டையும் பத்தவச்சீகளா?"

நல்லகாமன் தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியலடா. மூச்சையே பாத்துக்கிட்டு இருந்தேன். கையப் பாக்கல."

பற்றவைக்காத திரி என்றால் ஆபத்தில்லை. பற்றவைத்துப் பாதியில் கனன்றுகொண்டிருக்கிற திரி என்றால் எந்த நிமிடமும் வெடிக்கலாம். எது என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் அவர்தான். அவருக்கும் தெரியவில்லை.

கிணற்றுக்காரர் விருமாண்டி கல் அள்ளும் ஆட்களோடு வந்துவிட்டார். "ஏழோ எட்டோ, ஆளுக சும்மா ஒக்காந்துருக்கு. எறக்கிவிடுய்யா."

"எறங்குறவன் காலு இருக்காது" என்று நல்லகாமன் வழிமறித்து உட்கார்ந்தார். எல்லோரும் முணுமுணுத்தார்கள். கேலியும் செய்தார்கள். அவர் அசையவில்லை. சாயங்காலம் நாலு மணிவரை யாரையும் கிணற்றுப் பக்கம் விடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. பத்தடி தள்ளி வேப்பமர நிழலில் இருந்தேன்.

நாலு மணிக்கு, வெடிக்காத குழியை நனைக்க ஒரு குடம் தண்ணீரைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினார். இந்தத் தடவை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்துப் பயனில்லை. உள்ளே கல் உருளும் சத்தம். தண்ணீர் ஊற்றும் சத்தம். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. கருத்தக்கண்ணன் எழுந்து நின்றான், உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்தான்.

அவர் வெறுங்குடத்தோடு ஏறி வந்தார். மடியிலிருந்து ஒரு திரித்துண்டை எடுத்து எங்கள் முன்னால் போட்டார். முக்கால்வாசி கருகியிருந்தது. மேலிருந்து உருண்ட கல் ஒன்று நசுக்கியதில் நெருப்பு அங்கேயே செத்துப்போயிருந்தது. கருகாத மிச்சம் ஒரு சாண்.

"பத்தவச்சுத்தேன் இருக்கேன்" என்றார். "என் கையிதேன் வச்சிருக்கு. நான் அங்கன இல்ல."

விருமாண்டி திரியை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கிணற்றைப் பார்த்தார். "சரி, அடுத்த குழி எப்பப் போடுவ?"

"வெள்ளிக்கெழம."

"அண்ணே" என்றேன். "எத்தனை எண்ணுவீங்க?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கி எம்புட்டுப் பயம் வருதோ, அதப் பொறுத்து" என்றார்.