ஜெபப் புத்தகத்துச் செடி

எட்டாம் வகுப்பில் சயின்ஸ் டீச்சர் செடி நோட்டு கேட்டார். பத்துச் செடிகளைக் காயவைத்து ஒட்டி, பக்கத்தில் பெயர், இலை, பூ, காய், வளரும் இடம் எல்லாம் எழுத வேண்டும். எல்லோர் நோட்டிலும் அதே தும்பை, அதே துத்தி, அதே குப்பைமேனி. எனக்கு மட்டும் யாரிடமும் இல்லாத ஒன்று வேண்டும். அந்த வயதில் அப்படியொரு கொழுப்பு.

அப்பாவின் ஜெபப் புத்தகத்துக்குள் ஒரு காய்ந்த செடி இருந்தது. பிரான்சிலிருந்து சித்தி எப்போதோ கடிதத்தில் வைத்து அனுப்பியது. கேட்காமலே எடுத்தேன், பசை தடவி அழுத்தி ஒட்டினேன். பெயர் தெரியவில்லை, விட்டுவிட்டேன். வளரும் இடம் என்ற வரியில் ‘நெடுங்காடு வாய்க்கால் கரை’ என்று துணிந்து எழுதினேன்.

டீச்சர் நெடுங்காட்டுக்காரர். தினமும் அந்தக் கரையில்தான் ஸ்கூட்டரில் வருகிறேன், என் கண்ணில் இது படவில்லையே என்றார். மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னதும், அனுப்பியவரிடமே கேட்டுத் திங்கட்கிழமைக்குள் எழுதிவா, இல்லாவிட்டால் முட்டைதான் என்று சொல்லிவிட்டார்.

விஷயம் தெரிந்து அப்பா ஒன்றும் திட்டவில்லை. நகத்தால் ஓரத்தை நெம்பிப் பார்த்தார். ஒரு இதழ் உடைந்தது. அதோடு விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி போன் செய்வது வழக்கம். ஸ்பீக்கரில் போட்டு, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு போலீஸ் மாதிரி விசாரித்தேன். பெயர் ஜெரானியம், காட்டுச்செடி, யாரும் நட்டதில்லை என்றார். ஊதாப் பூ, ஐந்து இதழ், இதழெல்லாம் கோடு கோடாக நரம்பு. இலை விரித்த கை போலப் பிளந்திருக்கும். காய் கொக்கு மூக்காட்டம் நீளமாக இருக்கும், முற்றினால் தெறிக்குமாம். வளரும் இடம் கேட்டேன்.

“ஒரு கல்லு ஓரமா வந்துருக்கும்மா.”

“பனியில செத்துடுமா சித்தி?”

“மேல எல்லாம் காஞ்சிடும். வேர் சாகாது. நாலு வருஷமா வருது.”

‘கல் ஓரம். பல்லாண்டுத் தாவரம்’ என்று அழகாக எழுதி நிமிர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போயிருந்தார். டீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டார்.

சித்தப்பா பிரான்சில் இறந்து அப்போது ஐந்து வருஷம். விசா கிடைக்காமல் தம்பியின் அடக்கத்துக்கு அப்பா போகவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் கல் யாருடைய கல் என்று சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு வருஷா வருஷம் அப்பா ஜெபப் புத்தகத்தோடு வருவார். அந்த நவம்பரில் என் செடி நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். தாத்தா கல்லறைக்கு மாலை போட்டு மெழுகுவத்தி ஏற்றினார். பிறகு நோட்டில் சித்தி அனுப்பிய செடி இருந்த பக்கத்தைத் திறந்து அருகில் வைத்து, அதற்கும் ஒன்று ஏற்றினார். என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று.

“நோட்டுல மெழுகு சொட்டப்போவுதுப்பா, எடுங்க” என்று அதட்டினேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அப்பா மெழுகுவத்தியை ஊதி அணைத்து, நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். மெழுகு பட்டிருக்கிறதா என்று நான் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன்.