அவளுக்கு வந்து என்னிடம் தங்கிய செய்திகள்

என் மகள் படிக்கும் ஊரில் மழை வந்தால் எனக்குத்தான் முதலில் தெரியும். காரில் மூன்று மணி நேரத் தூரம். இங்கே சுகர் லேண்டில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். என் போன் இரண்டு முறை அதிரும். வளாகத்தில் இடி மின்னல், கட்டடங்களுக்குள்ளேயே இருங்கள் என்று ஒரு வரி. ஆஸ்பத்திரி லேபில் ரத்த மாதிரிகளுக்கு லேபிள் ஒட்டுகிற கை அப்படியே நிற்கும். அவள் எந்த மரத்தடியில் ஒதுங்கியிருப்பாள், ஷூ நனைந்திருக்குமா, நனைந்த ஷூவோடு வகுப்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாளா. இல்லாத மழையில் நான் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வருவேன்.

அந்தச் செய்திகள் எனக்கு வந்திருக்கக் கூடாதவை.

இங்கே குடியேறிய எங்கள் கூட்டத்தில் பிள்ளைகளின் ஃபார்ம் நிரப்புவது பெற்றோர் வேலை. டேகேரில் ஆரம்பித்தது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, பிள்ளை ஓட்டுப் போடும் வயதுக்கு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லூரி சேர்க்கைக்கான ஃபார்மையும் சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து என் கணவர்தான் நிரப்பினார். மகள் சோபாவில் ஹெட்ஃபோனோடு கிடந்தாள். மாணவரின் மொபைல் எண், பாதுகாப்பு அறிவிப்புகள் இந்த ஒரு எண்ணுக்கு மட்டுமே வரும் என்று ஒரு கட்டம். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அவ நம்பரைப் போட்டா அவ பாக்கவே மாட்டா. உன் நம்பரைப் போட்டுடறேன். நீ பாத்துச் சொல்லிடு" என்றார்.

நான் சரி என்றேன். சோபாவில் ஒரு தலை ஆடியது. பாட்டுக்கு ஆடியதா எங்களுக்கு ஆடியதா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் மாதம் வந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். அங்கே மழையாமே என்பேன். நான் எந்நேரமும் வெதர் ஆப்பையே பார்க்கிறேன் என்று நினைத்து அவள் சிரித்தாள். ஒரு நாள், அம்மா, நான் இங்கேதானே இருக்கேன், எனக்குத் தெரியாதா என்று இங்கிலீஷில் கேட்டாள். அதற்குப் பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். செய்திகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வரும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். படிச்சியா, படிச்சேன். அந்தப் பேச்சில் அவள் இல்லை. செவ்வாய்க்கிழமை ஈஸ்ட் பிளாக்கில் தண்ணீர்க் குழாய் உடைந்ததில் அவள் இருந்தாள். நூலகத்துக்கு வெளியே சைக்கிள்கள் திருட்டுப் போனதில் இருந்தாள். குளக்கரையில் முதலை ஒன்று தென்பட்டது, அருகே போகவேண்டாம் என்று ஒரு மதியம் வந்தது. நான் அந்த முதலையை மூன்று நாள் மனதில் வைத்திருந்தேன். அது வெயில் காய்ந்தது, என் மகள் தூரத்தில் நின்று படம் பிடித்தாள், தோழியின் தோளில் சாய்ந்து சிரித்தாள். எல்லாம் நானே உண்டாக்கியது. இருந்தாலும் அவள் வாழ்கிற இடத்தில் எனக்கு ஒரு ஜன்னல் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணுடைய அம்மாவுக்கு இதைவிடப் பெரிய ஜன்னல் யாரும் வைத்துத் தருவதில்லை.

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இந்தியக் கடை வாசலில் காரை நிறுத்தியபோது அந்தச் செய்தி வந்தது. மழை இல்லை, குழாய் இல்லை. பாலியல் குற்றத்துக்காக மாநிலப் பதிவேட்டில் இருக்கும் ஒருவர், வெளி நிறுவனத்தின் ஊழியராக வளாகத்தில் வேலை செய்யப் பதிந்திருக்கிறார். சட்டப்படி வளாகத்தினருக்கு இதைத் தெரிவிக்கிறோம். படமும் விவரமும் கீழுள்ள பக்கத்தில். இந்தத் தகவலை வைத்து அவரைத் துன்புறுத்துவது குற்றம். கீழே வளாகப் போலீஸின் பெயர்.

பக்கத்தைத் திறந்தேன். ஐம்பது வயதிருக்கும் ஓர் ஆள், நீலச் சட்டை, பாஸ்போர்ட் படத்தில் எல்லோரும் விழிப்பது போல விழித்துக்கொண்டு. உயரம், எடை, கண்ணின் நிறம், எத்தனை வயதுப் பெண்ணுக்கு எதிராக, எந்த வருஷம். படித்துவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். வாங்க வந்தது என்னவென்று மறந்துபோயிற்று.

நான் கோயம்புத்தூரில் படித்தபோது எங்களுக்கும் அறிவிப்பு உண்டு. ஹாஸ்டலில் முதல் நாள் சாயங்காலம் இறுதியாண்டு அக்கா ஒருத்தி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, மெஸ்ஸுக்குப் பின்வழியா வராதீங்க என்றாள். இன்ன லேப் அசிஸ்டென்ட் ரெக்கார்டில் கையெழுத்து வாங்க ரூமுக்கு வரச் சொன்னால் ரெண்டு பேராகப் போங்க என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குள் அது ஹாஸ்டல் முழுக்கப் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்று வருஷம் கழித்து நானும் ஒரு கட்டிலில் உட்கார்ந்து அதே குரலில் அதையே சொன்னேன். அந்த ஆள் முழுச் சர்வீஸும் முடித்து ஓய்வு பெற்றார். பிரிவு விழாவுக்கு மாலை வாங்கி வந்தது எங்கள் வகுப்பு.

அங்கே முகம் தெரியும், சட்டம் கிடையாது. இங்கே சட்டம் இருக்கிறது, பக்கம் இருக்கிறது, படம் இருக்கிறது. எந்தப் பெண்ணும் எந்தக் கட்டிலிலும் வந்து உட்கார வேண்டாம். ஒரு மொபைல் எண் சரியாக இருந்தால் போதும்.

அந்த எண்தான் என்னுடையதாக இருந்தது.

அன்று வீட்டில் சொன்னேன். அப்படியே ஃபார்வர்ட் பண்ணு, முடிஞ்சது என்றார் கணவர். ஃபார்வர்ட் பண்ணினால் இது உனக்கு எப்படி வந்தது என்று கேட்பாள். கேட்டால் எண்ணை மாற்றிவிடுவாள். மாற்றினால் எனக்கு மழை இல்லை, முதலை இல்லை, ஒன்றுமே இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, மேலே இருந்த பழைய செய்திகள் தெரியாமல் வெட்டிக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னால் வந்து பார்த்தார்.

"போலீஸ் நோட்டீஸுக்கே எடிட்டிங்கா? பேரன்ட்ஸ் குரூப்ல வந்துதுன்னு சொல்லிட்டுப் போயேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் அடுத்ததற்கும் ஒரு பொய் வேண்டும், அதற்கடுத்ததற்கும்.

புதன்கிழமை அவளைக் கூப்பிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான். தனியா எங்கேயும் போகாதே, தெரியாதவங்ககிட்ட ரொம்பப் பேசாதே, இருட்டறதுக்கு முன்னாடி ரூமுக்கு வந்துடு. சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது. மிடில் ஸ்கூலிலிருந்து வாரம் தவறாமல் சொல்லித் தேய்த்த அதே வாக்கியங்கள். சும்மா இருந்த நாட்களில் எல்லாவற்றையும் செலவழித்துவிட்டேன். நிஜமாகவே ஓர் ஆள் வந்து நின்றபோது என் கையில் புதிதாக ஒரு சொல் இல்லை. அவள் ம், ம் என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். லவ் யூ, பை என்றாள்.

வியாழக்கிழமை ஒன்றும் செய்யவில்லை. இதை எழுதும்போதும் அந்த நாளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை லேபில் வேலை நெரித்தது. அன்று போன் லாக்கரிலேயே கிடந்தது. ஐந்து மணி நேரம் கழித்து எடுத்தபோது இரண்டு செய்திகள் இருந்தன. கெமிஸ்ட்ரி கட்டடத்தில் காஸ் வாடை, உடனே வெளியேறுங்கள். பிறகு, சரிசெய்யப்பட்டது, திரும்பலாம். இரண்டுக்கும் நடுவில் மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை அவளுக்கு கெமிஸ்ட்ரி லேப் உண்டா என்பதுகூட எனக்குத் தெரியாது. லாக்கர் வரிசையின் முன் நின்று இரண்டையும் மறுபடி படித்தேன். நான் வைத்திருந்தது ஜன்னல் இல்லை. அவள் வீட்டுக் கதவின் காலிங்பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்து என் வீட்டில் மாட்டியிருந்தேன்.

சனிக்கிழமை காலை தனியாக காரை எடுத்தேன். ஃப்ரீவே முடிந்து பைன் மரச் சாலை ஆரம்பித்ததிலிருந்து சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். தமிழில் சொன்னால் பேப்பர் செய்தி மாதிரி இருந்தது. இங்கிலீஷில் சொன்னால் யாரோ ஒரு அம்மா மாதிரி இருந்தது.

வளாகத்துக்குள் நுழைந்ததும் விநோதம். எல்லா இடமும் தெரிந்தது. இதுதான் ஈஸ்ட் பிளாக். இதோ சைக்கிள் போன இடம். சேர்த்துவிட வந்த நாளில் இவை வெறும் கட்டடங்கள். இப்போது அவள் எதன் பெயரும் சொல்லாமலே ஒவ்வொன்றும் எனக்குப் பழக்கம். அவளைவிட எனக்குத்தான் கூடுதலாகத் தெரியும் என்று ஒரு நொடி கர்வம்கூட வந்தது.

நான் வாசலில் நின்று போனில் கூப்பிட்டதும் அவள் ஓடி வந்து முன் சீட்டில் ஏறினாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அது எந்த அறிவிப்பிலும் வரவில்லை. என்னம்மா திடீர்னு, யாருக்கு என்ன ஆச்சு என்று இங்கிலீஷில் கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. போனைத் திறந்து அவள் மடியில் வைத்தேன்.

"இது உனக்கு வந்தது. என் நம்பர்ல. நீயே படி."

படித்தாள். பக்கத்தைத் திறந்து படத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். என் மகள் இங்கிலீஷில்தான் சிரிப்பாள். தமிழில்தான் கோபப்படுவாள்.

"இது பால் வண்டிக்காரர். டைனிங் ஹாலுக்கு லோடு கொண்டு வருவார்."

அவள் காலையில் அந்த டைனிங் ஹாலின் காபி கவுன்ட்டரில் வேலை செய்கிறாள். லோடு வந்தால் பின்கதவைத் திறந்துவிடுவது கவுன்ட்டரில் இருப்பவர் வேலை. புதன்கிழமையிலிருந்து கூட வேலை செய்யும் பெண்கள் பின்கதவுக்கு இரண்டு இரண்டு பேராகப் போனார்களாம். ஒரு பால் டப்பாவுக்கு ரெண்டு பேரா என்று இவள் கிண்டல் பண்ணியிருக்கிறாள். வியாழன் ஒரு தடவை, வெள்ளி ஒரு தடவை, தனியாகப் போய்க் கதவைத் திறந்திருக்கிறாள்.

"அவர் ஏதாவது..." என்றேன்.

"ஒண்ணுமில்ல. குட்மார்னிங் சொன்னார். கதவைப் பிடிச்சுக்கச் சொன்னார். அது இல்லம்மா விஷயம். எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும் தெரியல. செவ்வாய்க்கிழமை வந்ததை சனிக்கிழமை கொண்டு வர்ற."

அவள் விரல் திரையைக் கீழே இழுத்தது. நான் தடுக்க நினைத்தேன், தடுக்கவில்லை. காஸ் வாடை. சைரன் சோதனை. முதலை. பதின்மூன்று மாதம் அவளுக்கு வந்தவை எல்லாம் அவள் மடியில் கீழே ஓடின. ஓரிடத்தில் நின்றாள். போன வசந்தத்தில் சூறாவளி எச்சரிக்கை வந்த நாள் அது. அதற்குக் கீழே நான் பதில் அனுப்பியிருந்தேன். என் மகள் முதலாண்டு மாணவி, எந்தக் கட்டடத்தில் இருக்கிறாள் என்று தயவுசெய்து பார்த்துச் சொல்ல முடியுமா, போனை எடுக்கவில்லை என்று. கீழே இயந்திரம் சொல்லியிருந்தது, இந்த எண்ணுக்கு வரும் பதில்களை யாரும் படிப்பதில்லை. அதற்குக் கீழே நான் மறுபடியும், அவள் மஞ்சள் ரெயின்கோட் போட்டிருப்பாள்.

கண்ணாடிக்கு வெளியே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு போனார்கள்.

"பேஸ்மென்ட்ல இருந்தேன்" என்றாள். "எல்லாரும் பீட்சா சாப்பிட்டுட்டு இருந்தோம். அங்க சிக்னல் கிடையாது."

அவள் தன் போனை எடுத்தாள். கல்லூரிக் கணக்கைத் திறந்து, தன் பெயருக்குக் கீழே இருந்த என் எண்ணை அழித்தாள். தன் எண்ணை அடித்தாள். மாற்றத்தை உறுதிசெய்யப் பழைய எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு அனுப்பியிருக்கிறோம் என்று அவள் திரையில் வந்தது. என் போன் அதிர்ந்தது. அதை என் கையில் திருப்பித் தந்தாள்.

"சொல்லும்மா."

நான் சொன்னேன். நாலு. பூஜ்யம். ஒன்பது. ஒவ்வொன்றாகச் சொல்ல அவள் ஒவ்வொன்றாக அடித்தாள். மறுபடியும் ஒன்பது. இரண்டு. கடைசி எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் விரல் திரைக்கு மேலே காத்திருந்தது.

"அம்மா."

"ஏழு" என்றேன்.