கத்திரிவெயிலும் கந்தகக் கோழியும்

எங்கள் வணிகர் சங்க மன்றத்தின் வாசற்சுவரில், "இங்கே சீட்டாடக் கூடாது" என்றோர் அறிவிப்பு சில ஆண்டுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே, செயலாளர் என்ற முறையில் என் கையொப்பம். ஞாயிறுதோறும் அங்கே ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களை எழுப்பி அனுப்பிவிட்டுத்தான் அதை மாட்டினேன். எழுந்து போனவர்களில் என் மனைவியின் தம்பியும் ஒருவர். தாயில்பட்டியில் பட்டாசுக் கம்பெனி நடத்துபவர். செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தான் சொன்னாச் சரிதான்" என்று மட்டும் சொன்னார். அந்தத் தொனியை நான் மறக்கவில்லை.

ஆகவே, நானே சீட்டுகளை வடிவமைக்கத் தொடங்கியபோது, அச்செய்தி எவர் காதுக்கும், குறிப்பாக அவர் காதுக்கும், போய்விடக் கூடாது என்பதில் மிகுந்த கவனமாக இருந்தேன்.

தொடக்கம் என் மகளால் நேர்ந்தது. சிவகாசியில் நாங்கள் நடத்தும் ஆப்செட் அச்சகத்தில் டிசைன் வேலை முழுவதும் அவள் பொறுப்பு. அவளும் அவளுடைய தோழிகள் மூவரும் ஞாயிறு பிற்பகல்களில் எங்கள் வீட்டு மாடியில் கூடி, பூதங்களும் மந்திரவாதிகளும் மோதிக்கொள்ளும் ஒரு சீட்டு விளையாட்டை ஆடுவார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு படம், ஒரு பெயர், வலிமையைக் குறிக்கும் ஓர் எண், கீழே அதன் ஆற்றலைச் சொல்லும் இரண்டு வரி. கடையில் வாங்கிய சீட்டுகள் அலுத்துப்போனதும் தாங்களே புதியவற்றை உருவாக்கலானார்கள். அதற்கு ஒரு விதியும் வகுத்திருந்தார்கள். உருவாக்கியவர் பெயரைச் சொல்லாமல் புதிய சீட்டைக் கட்டில் கலந்துவிட வேண்டும்; மூன்று ஞாயிறுகள் ஆடிப் பார்த்து நால்வரும் ஒப்பினால்தான் அது நிலைக்கும்.

பிழை திருத்தித் தரும்படி மகள் ஒருநாள் ஒரு தாளைக் கொடுத்தாள். எழுத்தில் பிழை இல்லை. ஆனால் 'மலைப்பூதம்' என்ற சீட்டு மற்ற எல்லாவற்றையும் வென்றது. அதை வெல்ல எதுவுமே இல்லை.

"இது யார் கைக்கு வருதோ அவுக செயிச்சிருவாக. மத்தவுக எதுக்கு உக்காந்திருக்கணும்?" என்றேன்.

"அப்ப நீங்களே ஒண்ணு போட்டுத் தாங்கப்பா."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அப்பேச்சை அத்துடன் விட்டிருப்பேன்.

நான் விருதுநகரில் கணிதம் பயின்று பட்டம் பெற்றவன். வலிமைக்கு ஈடாக ஒரு குறை, ஆற்றலுக்கு ஈடாக ஒரு செலவு என்று சமன் செய்வதே இந்த விளையாட்டின் உயிர் என்பது எனக்கு இரண்டே நாளில் விளங்கிற்று. அவர்கள் ஆட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு மூன்று கரித்துண்டுகள் உண்டு. ஆற்றல் மிக்க சீட்டை இறக்கக் கரித்துண்டு செலவாகும். இக்கணக்கை வைத்துக்கொண்டு, கழித்துப்போட்ட லேபிள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி எழுதிப் பார்த்தேன். முதலில் பிறந்தது கரிமருந்துப் பூதம். அதன் வலிமை ஒன்பது. ஆனால் எதிராளி மழைச் சீட்டை இறக்கினால் இரண்டு சுற்று சும்மா கிடக்க வேண்டும். மகளே படம் வரைந்து, யாருடையது என்று சொல்லாமல் கட்டில் சேர்த்தாள்.

மூன்றாம் ஞாயிறு நான் கீழே நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து ஒரு தோழியின் குரல் கேட்டது. "எவ போட்டாளோ, கெட்டிக்காரி."

அன்று அந்த ஒரே பக்கத்தை நெடுநேரம் வாசித்தேன்.

பின்னர் மேலும் எட்டு உருவாயின. திரிப்பாம்பு தீண்டினால் ஒரு சுற்று கழித்தே எதிரிக்கு உறைக்கும். ஆலங்குளத்துச் சுண்ணாம்பு மல்லன் யாரையும் தாக்க மாட்டான். நிற்க நிற்க இறுகுவான். எனக்கு மிகவும் பிடித்தவை கத்திரிவெயிலும் கந்தகக் கோழியும். வெயிலை இறக்கினால் மாண்ட கோழி எழுந்திருக்கும். கோழி மாண்டால் வெயில் மீண்டும் கைக்கு வரும். செலவைக் குறிக்க, ஒவ்வொரு சீட்டின் கீழ் விளிம்பிலும் கரித்துண்டு போலச் சிறு கருப்புச் சதுரங்களை வைக்கச் சொன்னேன்.

அச்சிடும் வகையில்தான் பிசகினேன். ஷீட்டில் ஓர் அங்குலம்கூட வீணாகக் கூடாது என்பது எங்கள் அச்சகத்தில் நான் வகுத்த நெறி. மைத்துனரின் பூச்சட்டி, அதாவது புஸ்வாணப் பெட்டிகளுக்கு லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. ஷீட்டின் ஓரத்தில் இடம் மிஞ்சியது. ஒன்பது சீட்டுகளையும் அங்கே பொருத்தச் செய்து, கட்டிங் மிஷின்காரரிடம், "ஓரத்துண்டை வீணாக்காம எடுத்து வைங்க" என்றேன். எனக்கு வேண்டியது நான்கைந்து படிகளே. அதை நான் சொல்லவில்லை. அவர் ஆயிரக்கணக்கான ஷீட்டுகளின் ஓரத்தையும் வெட்டி, நூறு நூறாகக் கட்டி, லேபிள்களுடன் லோடில் ஏற்றிவிட்டார். பிறகு கேட்டதற்கு, "படம் இருக்கு, பேரு இருக்கு, நம்பரு இருக்கு. லேபிள்தானே ஐயா" என்றார். அவரைக் குறை சொல்ல இயலவில்லை.

இரண்டு நாள் கழித்து மைத்துனரின் தொலைபேசி வந்தது.

"அத்தான், பூச்சட்டிப் பெட்டியில பூதமும் பாம்பும் ஒட்டிக் கெடக்கு. இது எந்த ஆர்டரு?"

மகளுடன் புறப்பட்டேன். விஸ்வநத்தம் தாண்டியதும் அவள், "நான் போட்டதுன்னு சொல்லிக்கிறேன்ப்பா. உங்க பேரு வர வேண்டாம்" என்றாள். நான் மறுக்கவில்லை.

பெட்டி ஒட்டும் கூடத்தில் மைத்துனர் எங்களுக்காகக் காத்திருந்தார். ஒட்டியவை சில நூறு வெறும் பெட்டிகள்தாம். மேலே வேறு தாள் ஒட்டினால் தீர்ந்தது. மகள் வழியில் சொன்னபடியே, தோழிகளுடன் விளையாடுவதற்காகத் தான் செய்தவை என்றாள். அத்துடன் முடிந்திருக்கும்.

முடியவிடாதவர், ஒட்டும் பெண்களில் மூத்த ஒருவர். "நாங்களும் சாப்பாட்டு நேரத்துல ஆடிப் பாத்தோம் தாயி" என்றார். "மழை வந்தாப் பூதம் சும்மா இருக்கணும்னு போட்டிருக்கீகளே, அது ரொம்ப சரி. மழை வந்தா நாங்களும் இங்கன சும்மாதான் இருக்கோம். ஆனா இந்தக் கோழிதான் சரியில்ல. வெயிலப் போட்டாக் கோழி எந்திரிக்கு. கோழி செத்தா வெயிலு கைக்கு வருது. திரும்பப் போட்டா திரும்ப எந்திரிக்கு. கூட ஆடுறவ வேடிக்கை பாக்கவா?"

"நேத்து இவ என்னைய அப்படித்தான் உக்கார வச்சா. நான் சோறே தின்னு முடிச்சிட்டேன், கோழி இன்னும் சாகுது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கூடமே சிரித்தது. மைத்துனரும் சிரித்து, "புள்ளைக்குப் படம் நல்லா வருது. கணக்குத்தான் வரல. எங்க படிச்சுச்சோ" என்றார்.

மகள் தலைகுனிந்து நின்றாள். என் கணக்குக்காக அவள் பழி சுமந்து நிற்பதையும், அக்கணக்கைத் தவறென்று ஒருவர் சொல்வதையும் ஒருசேரத் தாங்கும் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றேன். "வெயில ஒரு தடவை எறக்க ஒரு கரித்துண்டு செலவு. ஒரு சுத்துக்கு மூணு கரித்துண்டுதான். நாலாவது தடவை கோழி எந்திரிக்காது. அதுக்குத்தான் அடியில கருப்புக் கட்டம் வச்சேன்."

மூத்த பெண்மணி ஒரு சீட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "கட்டம் எங்கன இருக்கு ஐயா?"

கட்டம் இல்லை. எந்தச் சீட்டிலும் இல்லை. ஷீட் ஓரத்தில் கருப்புச் சதுரம் இருந்தால் அது மை சரிபார்க்கும் அடையாளம். எந்த வெட்டுக்காரரும் அதைக் கழித்துவிட்டுத்தான் வெட்டுவார். என் ஆயுளை அச்சகத்தில் கழித்த நான், சீட்டின் உயிர்நாடியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

மைத்துனர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க அத்தான். அப்ப இது நீங்க போட்டதா?"

"ஆமா."

"இத லேபிளுன்னு சொல்றதா, சீட்டுன்னு சொல்றதா?"

"சீட்டுத்தான்."

"மன்றத்துல ஆடலாமா?"

சற்று யோசித்துத்தான் பதில் சொன்னேன். "பணயம் வைக்கலேன்னா ஆடலாம்."

"நாங்களும் வைக்கலையே. தோத்தவன் டீ வாங்கிக் குடுப்பான், அம்புட்டுத்தான். நீங்க கேக்கவே இல்லியே அத்தான்."

உண்மை. அன்று நான் கேட்கவில்லை. எழுப்பி அனுப்புவதற்கு முன் ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும். அதை அந்தக் கூடத்திலேயே, அத்தனை பேர் முன்னிலையில் அவரிடம் சொன்னேன். அவர், கரிமருந்துப் பூதத்தின் மீசை தன்னுடையதைப் போல் இருக்கிறதே என்று மகளிடம் கேட்டார். அவள் மறுக்கவில்லை.

அறிவிப்பைப் புதிதாக அச்சிட்டேன். "பணயம் வைத்துச் சீட்டாடக் கூடாது" என்று இப்போது இருக்கிறது. தேநீர் பணயமாகாது என்பதைச் செயற்குழுவில் முன்மொழிந்தவர் மைத்துனர், வழிமொழிந்தவன் நான். கையொப்பம் பழையதுதான்.

மிச்சக் கட்டுகள் ஒட்டும் கூடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவந்தோம். அங்குள்ள பெண்கள் பேனாவால் கட்டம் போட்டுக்கொண்டு ஆடுகிறார்களாம். அடுத்த அச்சுக்குக் கருப்புச் சதுரத்தை விளிம்பிலிருந்து நகர்த்தி, கோழியின் வயிற்றுக்கு நேராக வைக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த மிஷினும் அங்கே வெட்டாது.