பூட்டிய வீட்டில் போட்ட தேதி

தெருவில் அவளுக்குப் பெயர் கொசு அக்கா. ஒன்பது வருடமாக நகராட்சி வேலையாக வீடு வீடாகப் போய், தொட்டி, டிரம், ஃப்ரிட்ஜின் பின்தட்டு என்று டார்ச் அடித்துக் கொசுப்புழு பார்க்கிறாள். நெளிந்தால் கொட்டிக் கவிழ்ப்பாள். கொட்ட முடியாததில் மருந்து ஊற்றுவாள். பிறகு கதவோரம் சாக்பீஸால் தேதி போட்டுக் கையெழுத்து வைப்பாள். பார்த்தாயிற்று என்பதற்கு அதுதான் அடையாளம்.

"வந்துட்டியா? எங்க வீட்டுக் கொசுவெல்லாம் உன்னைத்தான் விசாரிச்சுது" என்பார் முதல் வீட்டுத் தையல்காரர்.

"என் ரத்தம் அதுங்களுக்குப் பிடிக்காது மாமா. உங்களுதுதான் இனிப்பாம்."

அவருக்குச் சர்க்கரை. சிரித்துக்கொண்டே உள்ளே விடுவார்.

ஒரு நாளைக்கு ஐம்பது வீடு. ஆளில்லாத வீட்டுக்குத் தேதிக்குப் பதில் 'பூட்டு' என்று எழுத வேண்டும். அது ஐந்தைத் தாண்டினால் மேற்பார்வையாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஊரே பூட்டிட்டுப் போயிடுச்சா? இல்ல, நீ எங்கயாவது படுத்துத் தூங்கினியா?" ஒன்பது வருடத்தில் அவரிடம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மற்றப் பெண்கள் செய்ததையே அவளும் செய்தாள். பூட்டிய வீட்டிலும் தேதி போட்டாள்.

தங்கை வீட்டை ஒட்டிய மாடிவீட்டில் ஐந்து வாரம் அப்படித்தான் போட்டாள்.

ஆறாவது வாரம் தங்கை மகளுக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அன்றே மேற்பார்வையாளர் ஆள் வைத்து அந்த மாடிவீட்டுப் பூட்டை உடைத்தார். மாடித் தொட்டிக்கு மூடி இல்லை. டார்ச் அடித்ததும் தண்ணீரே கொதிப்பதுபோல் புழுக்கள் கீழே பாய்ந்தன.

வாசலில் வரிசையாக ஐந்து தேதிகள். அவர் ஈரத்துணியை நீட்டினார்.

"அழிச்சிடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

அழித்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அக்கா, வாராவாரம் நீதானே பார்த்தே. அப்புறம் எங்கேயிருந்து வந்துச்சு?" தங்கை குற்றம் சொல்லவில்லை. தெரிந்தவளிடம் கேட்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கும் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"பக்கத்து வீட்டுக்குள்ள நான் போகவே இல்லடி. வெளியில நின்னு தேதி மட்டும் போட்டேன்."

தங்கை குழந்தையின் நெற்றியைத் தடவினாள்.

"எத்தனை தடவை?"

"அஞ்சு."

நர்ஸ் வந்து ஊசி ஏற்ற வேறு நரம்பு தேடினாள். "யாராவது காலைப் பிடிங்கம்மா." அக்கா எழுந்தாள்.

"நீ தொடாதே" என்றாள் தங்கை, தலை நிமிராமல்.

சுவரோரம் போய் நின்றாள். ஊசி குத்தியபோது குழந்தை, "பெரியம்மா, வேணாம்னு சொல்லு" என்று அழுதது.

சாயங்காலம் குழந்தை போய்விட்டது. போர்வை சுற்றித் தூக்கிப்போனபோது ஒரு சிறு செருப்பு கட்டிலடியில் கிடந்தது. எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். வண்டிக் கதவைத் தங்கை உள்ளிருந்து சாத்திக்கொண்டாள்.